சர்க்கரை நிரப்பிக் கொடுத்த கேரியர்

மலாக்காவில் நான் ஏறிய பஸ் வடக்கே போயிருக்க வேண்டும். அது தெற்கே போனது. கால் மணி நேரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெயில் விழ வேண்டிய தோளில் விழாமல் மறு தோளில் விழுந்தது. ஆனாலும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால், ஆமாம், இது தப்பான பஸ்தான் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் நான் மட்டும்தான் இருந்தேன். ஊர் சுங்கை ரம்பாய். நான் போக வேண்டியது அலோர் காஜா.

சட்டையின் உள்பையைத் தொட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது. அந்தப் பையை நானே தைத்தேன். தையல்காரனுக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் சென்னையில் விமானம் ஏறியதிலிருந்து அதை எத்தனை முறை தொட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தமிழ்க் குரல் கேட்டது. இரும்புச் சட்டியில் ஒருவர் மீ கிளறிக்கொண்டிருந்தார், நூடுல்ஸுக்கு அங்கே அதுதான் பெயர். அலோர் காஜாவுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எந்த ஊரு நீங்க? பேச்சு நம்ம ஊருப் பேச்சா இல்லியே."

"துறையூர். திருச்சிப் பக்கம்."

"அலோர் காஜாவுக்குப் போறவரு ஜொகூர் எல்லையில வந்து வழி கேக்குறீங்க! இன்னும் கொஞ்சம் அசந்திருந்தா சிங்கப்பூருல எறங்கியிருப்பீங்க லா."

அந்த ஊர்ப் பேச்சின் கடைசியில் இப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்கப்பூருக்குத் தனி விசா வேண்டுமே என்றுதான் மனதில் ஓடியது.

"மொகத்த அப்பிடி வைக்காதீங்க அண்ணே. மொதல்ல பசியாறுங்க. பஸ்ஸு எங்கயும் ஓடிப் போவாது" என்று ஒரு தட்டை முன்னால் வைத்தார். சிக்குப் பிடித்த நூல்கண்டு போல இருந்தது. காரமும் இனிப்புமாக ஒரு ருசி. பாதி சாப்பிட்ட பிறகுதான் பசி தெரிந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸில் அவரே வந்து ஏற்றிவிட்டு, டிரைவரிடம் மலாயில் ஏதோ சொன்னார். அதன்பின் அந்த டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். படித்தவர்களுக்கு இப்படி ஒருவர் கண்காணிப்பில் போவது கேவலமாக இருக்கும். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு நிம்மதியாக இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் தங்கை அங்கம்மா, கல்யாணமான கையோடு மலேயாவுக்குக் கப்பலேறியவர். அப்போது நான் தவழும் குழந்தை. மாமா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலையிலேயே செத்துப்போனார். பிள்ளை இல்லை. அத்தை தோட்டத்து ஆயாக் கொட்டகையில், பால் வெட்டப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தார். போன தீபாவளிக்குப் பிறகு அதே தோட்டத்தில் வளர்ந்த மணியம் என்பவரிடமிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. "தோட்டத்தை விற்று இரண்டு வருடமாகிறது. இப்போது லயத்து வீடுகளையும் இடிக்கப் போவதால் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஆயாவை என்ன செய்வது என்று நீங்கள் வந்து சொன்னால் தேவலை." அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம். சொந்தம் என்று மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷின். இன்னொன்றில் நாங்கள் நான்கு பேர். அத்தை வந்தால் எங்கே படுப்பார்? கடல் தாண்டும் வரைக்கும் இதே யோசனைதான். "நான் வரலை, நீ போ" என்று அவர் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அலோர் காஜாவில் இறங்கும்போது சாயங்காலம். மணியம் காத்திருந்தார். நாற்பதைத் தொடும் வயது. தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர்.

"காலையிலேயே வந்துடுவீங்கன்னு நெனச்சேன். மலாக்காவ நல்லா சுத்திப் பாத்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன்" என்றேன்.

தோட்டத்துச் சனங்களில் பாதிப்பேர் ஊர் ஓரத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கு வந்திருந்தார்கள். மணியத்தின் வீடு நான்காவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் வேறு வேறு குழம்பு வாசனை. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. "தோட்டத்துல கதவு இருந்திச்சி, சாத்துனது இல்ல" என்றார் மணியம். அப்புறம் அதுவே அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "சாத்துனா மட்டும் என்னா, உள்ள எடுக்க என்னா இருந்திச்சி!"

அவர் மனைவி கமலா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது சுவரில் ஒரு மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"ஆயாவோட முறை" என்றாள் கமலா.

அவள் சொன்ன விவரம் இது. தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மற்ற வீடுகள் நாளுக்கு ஒரு வீடாக முறை வைத்துச் சோறு கொடுக்கும். முறை வீட்டிலிருந்து கேரியர் போகும். மறுநாள் அது கழுவித் திரும்பி வரும். இரண்டு வருடம் முன்னால் சனங்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது, மாடி வீடு குலுக்கலில் ஆயாவுக்குச் சீட்டு இல்லை. அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி என்னும் அடையாள அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் நீல அட்டை. வீடும் உதவித்தொகையும் நீலத்துக்குத்தான். யாராவது ஒருவர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு அறைக்கு ஏழு பேர், எட்டுப் பேர். அதனால் ஆளைக் கூட்டி வராமல் சோற்றை அனுப்பினார்கள். மணியம் தினமும் காலையில் காலி பஸ்ஸை லூபோக் சீனா என்ற ஊர் வரை ஓட்டிப் போய் அங்கிருந்துதான் பெண்களை ஏற்றத் தொடங்குவார். வழியில் தோட்டத்து முனை வரும். கேரியர் பஸ்ஸிலேயே போகும்.

"ஆயா கையால அடி வாங்காதவன் இந்த புளோக்குல ஒருத்தன் இல்லண்ணே. குடுத்துத்தான ஆவணும்?" என்றார் மணியம்.

எங்கள் தெருவில் புருஷனை இழந்த தாய்மார்களை மகன்கள் முறை வைத்துக்கொள்வார்கள். மாசம் ஒரு வீடு. துணி மூட்டையோடு கிழவி நகர்வாள். இங்கே கிழவி நகரவில்லை, சோறு நகர்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. சொந்தக்காரன் நான், இதுவரை ஒரு தபால்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. அந்த அவமானத்தில்தான் வாயை விட்டேன்.

"இனிமேல் உங்களுக்குச் சிரமம் வேண்டாம். நான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன்."

கமலா என்னையே பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். "ஒங்க வாய்க்குச் சக்கரை போடணும்" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் காலி பஸ்ஸில் மணியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கியருக்குப் பக்கத்துக் கொக்கியில் கேரியர் தொங்கியது. வளைவு வரும்போதெல்லாம் அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். மற்ற கை மட்டும் ஸ்டியரிங்கில். நான் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். வெளிச்சம் வர வர அது முடிந்து, செம்மண் காடு வந்தது. மரமெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதில் பச்சைப் புல்லில் ஒரு வெள்ளைக்காரர் தடியால் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டாம். எல்லோரும் பாலத்தடித் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். முனையில் அத்தை நின்றிருந்தார். குள்ளமான உருவம், கைலி, ஆண்கள் சட்டை. கையில் கழுவிய கேரியர். மணியம் ஜன்னல் வழியாகச் சோற்றுக் கேரியரைக் கொடுத்தார். அத்தை காலியானதை நீட்டினார். ஒன்று போக ஒன்று வர, பஸ் முழுதாக நிற்கக்கூட இல்லை.

"யாருடா மணியம் இது, புதுக் கிளீனரா? மூஞ்சப் பாத்தா பஸ்ஸுக்கே காய்ச்சல் வந்துடும் போலருக்கே."

"ஆயா, இது ஒங்க அண்ணன் மகன். ஊர்லேருந்து வந்திருக்காரு."

நான் இறங்கினேன். அத்தை கிட்டே வந்து என் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஆமா, எங்கண்ணன் காது" என்றார். கேரியரை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

லயத்தில் இருபது கதவு இருக்கும். கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் பாதி வீடுகளில் வானம் தெரிந்தது. ஆள் இருந்தது இரண்டே வீட்டில். ஒன்று அத்தையுடையது. அடுத்ததில் காண்டிராக்ட்காரர் கொண்டுவந்து விட்டிருந்த இந்தோனேசியத் தம்பதி. மிச்சமிருந்த மரத்தை வெட்டி அகற்றும் வேலை அவர்களுக்கு. பெண்ணின் பெயர் யாத்தி. அவள் எட்டு மாதக் குழந்தையை அத்தையின் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அத்தைக்கு மலாயில் அதட்டத் தெரிந்திருந்தது. குழந்தையை மட்டும் தமிழில் கொஞ்சினார்.

கேரியரைப் பிரித்தோம். அடித்தட்டில் சோறு, நடுத்தட்டில் சாம்பார், மேல்தட்டில் நெத்திலிச் சம்பல். அத்தை அதை மூன்றாகப் பிரித்தார். யாத்தியின் பங்கைத் தட்டு போட்டு மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "எதுக்கு வந்த?" என்றார்.

"கூட்டிக்கிட்டுப் போகலாம்னு, அத்தை."

முடியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அத்தை சம்பலை விரலால் நக்கிவிட்டு, "சரி" என்றார்.

"நம்ம வீடு சின்னது…"

"நான் பெரிய ஆளா?" என்றார்.

அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிவிட்டார். தகரப்பெட்டியில் நான்கு கைலி, ஒரு பட்டுச்சேலை, மாமாவின் படம், சிவப்பு அட்டை. ஸ்டவ், கொசுவலை, சட்டிப்பானை, அரிசி டின், மூன்று கோழி எல்லாவற்றையும் யாத்தியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு அவசரம் வேண்டாம் என்றேன். "போறவளுக்கு எதுக்கு அடுப்பு? அந்தப் புள்ளைக்கு ஒதவட்டும்" என்றார். பெட்டியைத் தையல் மெஷினுக்கு அடியில் வைக்கலாம், அத்தையை எங்கே வைப்பது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் விருந்து. அத்தை வளர்த்த பிள்ளைகள் வந்திருந்தார்கள். தொழிற்சாலைச் சீருடையோடு வந்த பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஆபீசில் டைப் அடிக்கும் ஒருத்தி. ஜொகூரிலிருந்து ஒருவன் காரில் வந்தான். ஒவ்வொருவரும் தம் குழந்தையை அத்தையிடம் தூக்கிக் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். அத்தை ஒவ்வொன்றின் தொடையையும் கிள்ளிப் பார்த்தார். "இது ஒன்னையாட்டமே. எதக் குடுத்தாலும் வயித்துல நிக்காது" என்று ஒரு லாரி டிரைவரைப் பார்த்துச் சொல்ல, அவன் வெட்கப்பட்டான். ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், பாயசம். நான் இரண்டாம் முறை சோறு வாங்கினேன். அங்கே சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

கடைசியில் கமலா கேரியரோடு வந்தாள். மூன்று தட்டிலும் சர்க்கரை நிரப்பியிருந்தது. துக்க வீட்டு முறை பதினாறாம் நாளோடு முடியும்போது இப்படித்தான் செய்வார்களாம். வெறுங்கையோடு பிரியக் கூடாது என்று. அத்தை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். மணியமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே போனபோது பார்த்தேன், சுவரில் காலண்டர் இல்லை. வெறும் ஆணி மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை கமலா எங்களை அலோர் காஜாவில் ஓர் ஆபீசுக்கு அழைத்துப் போனாள். எழுத்து நிறைந்த தாளைப் பார்த்தாலே நான் ஒதுங்கிப் போகிறவன். அங்கே சுவரெல்லாம் தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். கமலா மொழிபெயர்த்தாள். "இந்த அம்மா இங்கே தங்கியிருக்க அனுமதி உண்டு. ஆனால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை. அதனால் பாஸ்போர்ட்டை உங்கள் நாட்டுக்காரர்கள்தான் தர வேண்டும். உங்கள் நாட்டில் பிறந்தவர் என்பதற்கு ஏதாவது ஒரு தாள் இருக்கிறதா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். கப்பலில் மாமாவின் தாளில் ஒரு வரியாக வந்தவர் அவர். அந்தத் தாளும் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அத்தையை லயத்தில் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை நான் மட்டும் கோலாலம்பூர் போனேன். அத்தைக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் முடியாது. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கமலா ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைக் கடையில், பஸ்ஸில், வாசல் காவலாளியிடம் என்று நீட்டிக்கொண்டே நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நாளைக்கு வரச் சொன்னார்கள். ஒரு கோயில் மண்டபத்தில் தங்கிவிட்டு மறுநாளும் போனேன். அங்கேயும் அதே கேள்விதான். ஊரிலிருந்து சான்று வாங்கி அனுப்பினால் பார்க்கலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் கேட்டது எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். அத்தை பிறந்த காலத்தில் எங்கள் ஊரில் ஆடு மாடு பிறந்ததை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். பெண்பிள்ளை பிறந்ததை எந்தக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்தார்?

அந்த ஆபீசின் படியில் இறங்கும்போது எனக்கு நெஞ்சில் பாரம் குறைந்தது போல இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தோட்டத்து முனையில் இறங்கினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். லயம் அமைதியாக இருந்தது. யாத்தியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் காண்டிராக்ட்காரரின் லாரி வந்து அவர்களை வேறு தோட்டத்துக்கு ஏற்றிப் போய்விட்டதாம். ஸ்டவ், சட்டிப்பானை, அரிசி, கோழி எல்லாம் லாரியோடு போயிற்று. "புள்ள போறப்ப என்னப் பாத்து கையக் கையத் தூக்கிச்சி" என்றார் அத்தை. பாயில் படுத்தபடியே சொன்னார். எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் கேரியர் இருந்தது. மேல்தட்டு காலி. நடுத்தட்டில் பாதி.

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

குழாய்த் தண்ணீர் வைத்த கிளாஸில் அடியில் சர்க்கரை படிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணியம் வழக்கம்போலச் சோறு கொடுத்துவிட்டுப் போவார் என்று நினைத்து நான் கோலாலம்பூரில் இருந்தேன். ஊரிலிருந்து வந்த சொந்தம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து அவர்கள் அலோர் காஜாவில் இருந்தார்கள். இரண்டு நாளாகச் சர்க்கரைத் தண்ணீர்.

"முனைக்குப் போயி மணியத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை! பஸ் தினமும் போகுதே!"

"முறை முடிஞ்சிருச்சில்ல. அப்பறமும் ரோட்டுல போயி நின்னா, கேக்குற மாதிரி இருக்குமே."

வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். பாதி முறிந்து கீழே விழுந்தது. அத்தை அதைப் பொறுக்கி, ஊதிவிட்டுச் சாப்பிட்டார். பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அப்ப நான் எந்த ஊருக்காரி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சாயங்காலம் அடுக்குமாடிக்கு ஓடினேன். கமலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா? நீங்க அன்னிக்கே திரும்பியிருப்பீங்கன்னுல்ல நெனச்சோம்!"

"மறுபடி முறையை ஆரம்பிக்க முடியுமா கமலா? நான் ஊருக்குப் போய்த் தாளை அனுப்புகிற வரைக்கும்."

அவள் ஆணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது எப்பிடி ஓடிச்சின்னு ஒங்களுக்குத் தெரியாது. அன்புல ஓடிச்சின்னு நெனக்கிறீங்க. அன்பு இருந்திச்சி, இல்லேங்கல. ஆனா ரெண்டு வருஷம் ஓடுனது அதுல இல்ல. மொதல்ல நிறுத்துன வீடுன்னு பேரு வாங்க யாருக்கும் தைரியம் இல்ல, அதுலதான் ஓடிச்சி. நீங்க வந்தீங்க. யாரு மேலயும் பழி விழாம நின்னு போச்சி. அன்னிக்கி அழுதாங்கள்ல, அதுல பாதி நிம்மதியில அழுதது. இப்ப மறுபடி ஆரம்பிக்கணும்னா, ஒருத்தர் மொதல்ல ஆரம்பிக்கணுமே."

"நீ ஆரம்பிக்கலாமே" என்று வாய் வரை வந்தது. என்னையே நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அதனால் விழுங்கிவிட்டேன்.

மணியம் என்னைக் கூட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார். ஒரு வீட்டில் ஓவர்டைம். ஒரு வீட்டில் அடுத்த மாதம் ஜொகூருக்கு மாற்றம். ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, "முடிஞ்சப்ப குடுக்கிறேண்ணே, தேதி மட்டும் போட்டுறாதீங்க" என்றாள். மூன்றாம் மாடியில் ஒருவர் நேராகவே கேட்டார்.

"சொந்தம் நீங்களே விட்டுட்டுப் போறீங்க. நாங்க என்னா செய்யறது லா?"

அவர் அன்று விருந்தில் எனக்கு இரண்டாம் சோறு போட்டவர். நான் நின்றுகொண்டே இருந்தேன். மணியம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்க் கேட்டோம். அங்கேயும் நீல அட்டை. இல்லையென்றால் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மணியம் பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரி, அது இதுன்னு வந்தா நாந்தான் நிக்கணும். எனக்கும் மூணு புள்ளைங்க அண்ணே" என்றார். நான் அவரை என்ன சொல்ல? எனக்கு இரண்டு. திரும்பும் வழியில் அவரே ஓர் ஏற்பாடு சொன்னார். மாதக் கடைசியில் லயத்தை இடிக்க மெஷின் வரும். தோட்டத்துக் கோயிலைக் கடைசியில்தான் தொடுவார்கள். அதுவரை கோயில் கொட்டகையில் ஆயா இருக்கலாம். சோற்றுக்கு, "நான் போறப்ப எதாச்சும் வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்."

அரிசி, சின்ன ஸ்டவ், மண்ணெண்ணெய் என்று என்னால் முடிந்ததை வாங்கி அத்தையிடம் வைத்தேன். "வரும்போது வெறுங்கையோட வந்த. போகும்போது கடையே வச்சிட்டுப் போறியே" என்று கேலி செய்தார். அதற்குச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.

சனிக்கிழமை காலை நான் கிளம்பும் நாள். அத்தை எனக்கு முன்பே எழுந்து, மிச்சச் சர்க்கரையை ஒரு டின்னில் கொட்டிவிட்டுக் கேரியரைக் கழுவினார். புளி போட்டுத் தேய்த்தார். கம்பிக்குள் விரலை விட்டுத் துடைத்தார். என்னை வழியனுப்ப முனைக்கு வந்தபோது அது அவர் கையில் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கம்பெனி பஸ் வந்தது. இந்த முறை முழுதாக நின்றது. மணியம் ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே கடையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டணம்.

"ஆயா, இன்னிக்கி இது."

அத்தை கேரியரை நீட்டினார்.

"அது எதுக்கு ஆயா?"

"இந்தா, கழுவிட்டேன்."

"அது ஒங்களுக்குக் குடுத்தது. வச்சிக்கங்க."

"அப்ப இதுக்கு? எதக் கழுவிடா நான் திருப்பித் தர?"

"கடைல வாங்குனது ஆயா. சாப்புட்டுத் தூக்கிப் போட்டுடலாம். ஒண்ணும் திருப்பித் தர வேணாம்."

மணியம் என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் போயிற்று. அத்தை நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது.

எதிர்ப் பக்கத்தில் மலாக்கா பஸ் வந்தது. அத்தையின் காலைத் தொட்டேன். "போயி தாள் அனுப்பு" என்றார். "அனுப்புகிறேன்" என்றேன். எந்தத் தாளை, யாரிடம் வாங்கி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஏறி உட்கார்ந்ததும் கை தானாக உள்பைக்குப் போனது. என் பாஸ்போர்ட் இருந்தது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை லயத்துப் பக்கம் திரும்பவில்லை. சாலையோரத்தில் குந்தி, கேரியரைப் பிரித்து, அந்தப் பொட்டணத்தை அடித்தட்டில் வைத்தார். காலித் தட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கினார். பிறகு கம்பியைப் பூட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்.